சூயஸுக்குக் கிழக்கே: பிரிட்டன் கிளம்பியபோது கூட்டாளிகளுக்கு என்ன ஆனது?

அமெரிக்கா நேட்டோ ராணுவக் கூட்டணியை விட்டுப் போய்விடுமா, ஜப்பானையும் தென்கொரியாவையும் கைகழுவுமா என்று இப்போது ஆளுக்கொரு ஆரூடம் சொல்கிறார்கள். எனக்கு ஆரூடம் வராது. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை நடந்து முடிந்து, கணக்கும் தீர்த்து மூடிவைத்த கதை ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய வல்லரசு, 'நாங்கள் இருக்கிறோம், கவலைப்படாதீர்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்து, திடீரென ஒரு நாள் தேதி குறித்துவிட்டுக் கிளம்பிய கதை. 1968-இல் பிரிட்டன் செய்தது அதைத்தான். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே. நான் இருப்பது சிங்கப்பூரில், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சூயஸுக்குக் கிழக்கே' என்றால் எந்த இடங்கள்?

சூயஸ் கால்வாயைத் தாண்டி பிரிட்டன் படை வைத்திருந்த எல்லா இடங்களும். அரேபியாவின் தெற்கு முனையில் ஏடன், பாரசீக வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர். இந்தியா 1947-இலேயே கையைவிட்டுப் போன பிறகும் இந்தத் தளங்களை அவர்கள் விடவில்லை. இந்தியாவுக்குப் போகும் வழியைக் காக்கத்தான் இவற்றில் பாதியைப் பிடித்தார்கள், இந்தியாவே போன பிறகு வழி எதற்கு என்று கேட்டால் யாரிடமும் நேரான பதில் இல்லை. 1965-இல்கூட பிரதமர் ஹெரால்ட் வில்சன், பிரிட்டனின் எல்லை இமயமலையில் இருக்கிறது என்று மேடையில் பேசினார். மூன்றே வருஷத்தில் எல்லை எங்கே வந்து நின்றது என்பதுதான் மீதிக் கதை.

1968 ஜனவரி 16 அன்று என்ன அறிவித்தார்கள்?

1971 முடிவதற்குள் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் படைகளை விலக்கிக்கொள்வோம் என்று வில்சன் நாடாளுமன்றத்தில் சொன்னார். அமெரிக்காவிடம் வாங்குவதாக இருந்த 50 எஃப்-111 போர் விமானங்களும் ரத்து.

ஆனால் இது வானத்திலிருந்து விழுந்த இடி இல்லை. 1966 பிப்ரவரியில் வந்த பாதுகாப்பு வெள்ளை அறிக்கையிலேயே புதிய விமானந்தாங்கிக் கப்பல் திட்டத்தைக் கைவிட்டார்கள், ஏடனை விட்டுப் போவதாகவும் சொன்னார்கள். அதற்காகக் கடற்படை அமைச்சரும் கடற்படைத் தளபதியும் பதவி விலகினார்கள். 1967 ஜூலையில், சிங்கப்பூர்–மலேசியப் படைகளைப் பாதியாகக் குறைத்து எழுபதுகளின் நடுவில் முழுசாக விலகுவோம் என்று இன்னொரு அறிக்கை. 1968-இல் செய்தது அந்தக் கெடுவை இழுத்து முன்னால் கொண்டுவந்ததுதான். முன்பின் யோசிக்கிறவர்களுக்கு இரண்டு வருஷமாகவே மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாரும் காது கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கிளம்பினார்கள்? பணமா, கொள்கையா?

பணம். கொள்கை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1967 நவம்பர் 18 அன்று பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராக இறக்கினார்கள், அதாவது 14 சதவீதத்துக்கு மேல். புதிதாக நிதியமைச்சரான ராய் ஜென்கின்ஸ் எல்லாத் துறையிலும் கத்திரி போட்டார். இங்கேதான் ஒரு விஷயத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. மருந்துச் சீட்டுக்கு மறுபடியும் கட்டணம், பள்ளியை விட்டு நிற்கும் வயதை 16 ஆக உயர்த்தும் திட்டம் தள்ளிவைப்பு என்று சொந்தத் தொண்டர்களின் வயிற்றிலேயே அடித்தார்கள், பள்ளி விஷயத்துக்காக அமைச்சர் லாங்ஃபோர்டு பிரபு பதவியையே விட்டுப் போனார். ஏழைக்கு மருந்துக் காசு கட்டச் சொல்லிவிட்டு சிங்கப்பூரில் கப்பல் நிறுத்தக் காசு கொடுப்பதா என்று கட்சிக்குள் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆகவே படைகளும் வெட்டுப்பட்டாக வேண்டும். சிங்கப்பூர் தளத்தின் தலையெழுத்தை எழுதியதில் லண்டன் மருந்துக்கடைக் கட்டணத்துக்கும் பங்கு உண்டு. ஒரு வல்லரசின் பாதுகாப்பு வியூகம் மாறுகிறது என்று படித்தால் நான் முதலில் அந்த நாட்டின் உள்ளூர்ச் செய்திகளைத்தான் பார்ப்பேன், காரணம் இதுதான்.

இன்னொன்று, 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு நடத்திய 'மோதல்' காலத்தில் அந்த வட்டாரத்தில் சுமார் 50,000 பிரிட்டிஷ் படையினர் இருந்தார்கள். 1966-இல் சண்டை ஓய்ந்ததும், போக ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது.

கூட்டாளிகளிடம் முன்கூட்டியே கலந்து பேசினார்களா?

கலந்து பேசவில்லை, தகவல் சொன்னார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெண் பார்க்கக் கூப்பிடுவதற்கும் கல்யாணப் பத்திரிகை கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

வளைகுடாவில் நடந்தது இதைவிட மோசம். வெளியுறவுத் துறை இணையமைச்சர் கோரன்வி ராபர்ட்ஸ் 1967 நவம்பரில் அங்கே ஆட்சி செய்த ஷேக்குகளைப் போய்ப் பார்த்து, நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று உறுதி கொடுத்தார். 1968 ஜனவரியில் அதே மனிதரை அதே வாசல்களுக்கு அனுப்பி, போகிறோம் என்று சொல்லவைத்தார்கள். இடையில் இரண்டு மாதம்கூட முழுசாகக் கழியவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நவம்பரில் அவருக்கே தெரிந்திருக்காது. அந்த மாதிரி வாக்குறுதியில் இருக்கும் ஆபத்தும் அதுதான்.

கிழக்குப் பக்கம் காமன்வெல்த் அமைச்சர் ஜார்ஜ் தாம்சன் வந்தார். கோலாலம்பூர், சிங்கப்பூர், வெலிங்டன், கான்பெரா என்று ஒரு சுற்று. வாஷிங்டனுக்கு வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுன் போனார், வியட்நாமில் மாட்டிக்கொண்டு முழி பிதுங்கிக்கொண்டிருந்த அமெரிக்கர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ லண்டனுக்கே போனாரே, ஏதாவது நடந்ததா?

ஒன்பது மாதம் கிடைத்தது.

முதலில் குறித்த கெடு 1971 மார்ச் இறுதி. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னால் லீ லண்டனில் போய் இறங்கினார். அமைச்சர்களோடு பேசினார், தொலைக்காட்சியில் பேசினார், விட்டுவிட்டுப் போவது எவ்வளவு அநியாயம் என்று வாதாடினார். கிளம்புவதற்கு முன்னால், சிங்கப்பூர் பவுண்டில் வைத்திருந்த ஸ்டெர்லிங் கையிருப்பை எடுத்துவிடுவோம், கப்பல், வங்கித் தொழிலில் பதிலடி கொடுப்போம் என்கிற தொனியிலும் பேசியிருந்தார். தள்ளாடிக்கொண்டிருந்த பவுண்டுக்கு அது ஆகாத பேச்சு. கடைசியில் அமைச்சரவை 1971 டிசம்பர் என்று தேதியைத் தள்ளியது.

லீயின் நாவன்மையால்தான் கிடைத்தது என்று இங்கே சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. அமைச்சரவையிலேயே சிலர் விலகலைத் தள்ளிப்போடத்தான் நினைத்தார்கள், அவர்களுக்குக் கையில் ஒரு காரணம் வேண்டியிருந்தது, லீ அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய விசுவாசத்தைச் சொல்லிக் கேட்டவர்களுக்கு அனுதாபம் கிடைத்தது, கையில் ஏதோ பிடி வைத்திருந்தவருக்கு ஒன்பது மாதம் கிடைத்தது. ஒன்பது மாதம் என்று சிரிக்காதீர்கள், ஒரு கப்பல் பட்டறையைக் கை மாற்ற அது பெரிய அவகாசம்.

சிங்கப்பூருக்கு எவ்வளவு பெரிய அடி?

நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பியிருந்தது. நேரடியாக மட்டும் சுமார் 30,000 பேருக்கு வேலை, அதைச் சுற்றிக் கடைக்காரர், தையல்காரர், சலவைக்காரர், வெள்ளைக்காரக் குடும்பங்களில் சமையல் செய்த, பிள்ளை பார்த்த பெண்கள் என்று இன்னும் பல ஆயிரம். நிலத்தை எடுத்துக்கொண்டால் தீவின் பரப்பில் பத்து சதவீதத்துக்கும் மேல் ராணுவத்திடம் இருந்தது. மலேசியாவிலிருந்து பிரிந்து மூன்று வயதுகூட ஆகாத நாடு அது.

செம்பவாங்கைப் பாருங்கள். தீவின் வடகரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் கடற்படைத் தளம், 1938 பிப்ரவரியில் திறந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வைத்த உலர் கப்பல் துறை அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. திறந்து நான்கு வருஷத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, ஊரே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம். (அதனால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் 1968 செய்தியைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. வெள்ளைக்காரன் காப்பாற்றாத கதையை அவர்கள் ஏற்கெனவே பார்த்தவர்கள்.) இன்றும் அந்தப் பக்கம் போனால் தெருப் பெயர்கள் கான்பெரா, வெலிங்டன், ஆக்லாந்து என்று இருக்கும். பேரரசின் குடும்ப அட்டையைத் தெருவில் எழுதி வைத்த மாதிரி.

அந்தக் கப்பல் பட்டறையை 1968 டிசம்பரில் சிங்கப்பூர் அரசிடம் பெயருக்கு ஒரு டாலர் விலை போட்டுக் கொடுத்தார்கள். போர்க்கப்பல் பழுதுபார்த்த இடத்தில் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்க வேண்டும், அதற்காகவே செம்பவாங் ஷிப்யார்டு என்று நிறுவனம் தொடங்கி, நடத்தித்தர ஸ்வான் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியையே கூப்பிட்டார்கள். கோபத்தில் எல்லாவற்றையும் உடைத்து எறியாமல், போகிறவனிடமே வேலையைக் கேட்டு வாங்கினார்கள் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். தளங்களைப் பொருளாதாரப் பயன்பாட்டுக்கு மாற்ற ஒரு தனித் துறையே அமைத்தார்கள். பிரிட்டன் 5 கோடி பவுண்டு உதவி கொடுத்தது, அதில் கால் பங்கு மானியம், முக்கால் பங்கு கடன். சாங்கி விமானப்படைத் தளம் இருந்த இடத்தில்தான் 1981-இல் இன்றைய சாங்கி விமான நிலையம் வந்தது.

சரி, அங்கே வேலை பார்த்த நம்மவர்கள்?

கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழர்களும் ஏராளம். எழுத்தர், சாயம் அடிப்பவர், பற்றவைப்பவர், காவலர் என்று தளத்துக்குள் எல்லா வேலையிலும் இருந்தார்கள், தளத்துக் குடியிருப்பிலேயே வாழ்ந்தார்கள். இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் முதலில் கான்பெரா சாலையில், இந்தத் தளத்து ஊழியர்கள் சேர்ந்து வளர்த்த கோயில். அங்கே பங்குனி உத்திரம் இப்போதும் பெரிய விழா.

தளம் மூடும் செய்தி வந்தபோது இவர்களில் நிறையப் பேருக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லை. குடும்பம் ஊரில், சம்பளம் இங்கே, என்றைக்காவது திரும்புவோம் என்ற நினைப்பிலேயே இருபது வருஷம் ஓட்டியவர்கள். வேலை போனதும் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை வாங்கி வைத்திருந்தவர்கள் கப்பல் பட்டறையிலோ புதிதாக வந்த ஆலைகளிலோ தொடர்ந்தார்கள், சிலர் நாற்பது வயதுக்கு மேல் கைத்தொழில் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். நாடுகளின் கூட்டணிக் கணக்கில் இந்த மனிதர்கள் எந்தப் பத்தியிலும் வரமாட்டார்கள். ஆனால் வியூகம் மாறியது முதலில் தெரிந்தது அவர்கள் வீட்டு அடுப்பில்தான்.

ராணுவத்துக்கு என்ன செய்தார்கள்?

1965-இல் சிங்கப்பூரிடம் இருந்தது இரண்டு காலாட்படைப் பட்டாலியன். விமானப்படை கிடையாது. 1967 மார்ச்சில் கட்டாயத் தேசிய சேவைச் சட்டம் வந்தது. கவனியுங்கள், பிரிட்டன் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே. பயிற்சி கொடுக்க இஸ்ரேல் ஆட்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்து முஸ்லிம் நாடுகளுக்கு உறுத்தக்கூடாது என்று அவர்களுக்கு வைத்த பெயர் 'மெக்சிகோக்காரர்கள்'. 1969 தேசிய தினப் பேரணியில் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகள் ஓடின. அப்போது மலேசியாவிடமே டாங்கி இல்லை என்பதால் அதைப் பார்த்த அண்டை வீட்டாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதுகாவலர் போனால் பாதுகாக்கப்பட்டவர்கள் ஆயுதம் வாங்குவார்கள், வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். இதை எந்த வெள்ளை அறிக்கையும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

மலேசியா?

வேறு பாதையில் போனது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் காலத்தில் பிரிட்டனோடு ஒட்டி நின்ற நாடு, அடுத்த பிரதமராகத் துன் அப்துல் ரசாக் வந்ததும் நடுநிலைப் பேச்சைக் கையில் எடுத்தது. 1971 நவம்பரில் கோலாலம்பூரில் கூடி, தென்கிழக்கு ஆசியாவை அமைதி, சுதந்திர, நடுநிலை வட்டாரமாக ஆக்குவோம் என்று தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பிரகடனம் செய்தது. 1974-இல் ரசாக் பெய்ஜிங் போய் சீனாவோடு உறவு தொடங்கினார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்களுக்குத் துணையாக நின்ற நாட்டோடு கைகுலுக்குவது என்றால் சும்மா இல்லை. பிரிட்டன் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் போயிருப்பாரா என்பது என் சந்தேகம்.

ஆஸ்திரேலியாவுக்கு என்ன கவலை, அது தனியாக ஒரு கண்டம் ஆயிற்றே?

அவர்களுக்கு இரட்டை அடி. எதிரியை வீட்டு வாசலுக்கு வரவிடாமல் தூரத்திலேயே, அதாவது மலாயாவிலேயே தடுப்பது என்பதுதான் அவர்கள் வியூகம். அதற்கு முன்னால் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பிரிட்டன் கிளம்புகிறேன் என்றது. சரி, அமெரிக்கா இருக்கிறது என்று வியட்நாமுக்குப் படை அனுப்பிக்கொண்டிருந்தால், 1969 ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்சன் பசிபிக்கின் குவாம் தீவில் நின்றுகொண்டு, ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்புக்குத் தாங்களே தோள் கொடுக்க வேண்டும் என்றார். ஆஸ்திரேலியா மெல்ல மெல்லச் 'சொந்தக் காலில்' என்று பேச ஆரம்பித்தது, 1976 வெள்ளை அறிக்கையில் அது எழுத்தாகவே வந்தது.

நிக்சன் சொன்னது யாரை அதிகம் பாதித்தது என்றால் தென்கொரியாவை. 1971-இல் அமெரிக்காவின் ஏழாவது காலாட்படை டிவிஷன், சுமார் 20,000 பேர், அங்கிருந்து போனது. தென்கொரியா தன் பங்குக்கு வியட்நாமில் படை வைத்திருந்தபோதே இது நடந்தது. தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ கனரகத் தொழிலைத் தூக்கி நிறுத்தினார், அப்புறம் ரகசியமாக அணு ஆயுத வேலையையும் தொடங்கினார், அமெரிக்கா மோப்பம் பிடித்து மிரட்டித்தான் நிறுத்தியது.

வளைகுடா ஷேக்குகள் பணம் தருகிறோம் என்றார்களாமே?

உண்மை. வளைகுடாப் படைக்கு வருஷத்துக்குச் சுமார் 1.2 கோடி பவுண்டு ஆகிறது என்றதும், அபுதாபியின் ஷேக் சையத் அதை நாங்களே கொடுக்கிறோம், இருங்கள் என்றார். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி தொலைக்காட்சியில், அரபு ஷேக்குகளுக்குக் கூலிப்படையாக இருக்க முடியாது என்கிற மாதிரிக் கேவலமாகப் பேசிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பணப் பிரச்சினை என்று சொல்லிவிட்டு, பணம் கொடுத்தாலும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? முடிவு எடுத்தாயிற்று, இனி காரணம் யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம். கூட்டணிக்குக் கட்டணம் கட்டினால் தங்கிவிடுவார்கள் என்று இன்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1971 நவம்பர் 30 அன்று, ஷேக்குகளோடு பிரிட்டன் போட்டிருந்த பாதுகாப்பு ஒப்பந்தம் முடிய ஒரே நாள் பாக்கி இருக்கும்போது, ஷேக்குகள் உரிமை கொண்டாடிய தும்பு தீவுகளிலும் அபு மூசா தீவிலும் ஈரான் படையை இறக்கியது. அன்றைக்கு எழுத்துப்படி காவல் பிரிட்டனுடையது. பிரிட்டன் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2 அன்று, ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது, பிறக்கும்போதே ஒரு எல்லைத் தகராறோடு. அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.

இலங்கைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

முன்கதை என்ற அளவில். திருகோணமலையில் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கவில் விமானத் தளமும் பிரிட்டனிடம் இருந்தன. 1957-இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்க அவற்றைத் திரும்பக் கேட்டு வாங்கினார். அதாவது அங்கே வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார், சிங்கப்பூரில் குடியிருந்தவர் தானே காலி பண்ணினார்.

பிரிட்டன் ஒப்பந்தத்தை மீறியதா?

இல்லை, அதுதான் வேடிக்கை. 1957-இல் மலாயாவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் 1971 அக்டோபர் வரை உயிரோடுதான் இருந்தது. காகிதம் அப்படியே இருக்க, காகிதத்தைக் காப்பாற்றும் கப்பல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. 1970-இல் ஒரு பெரிய பயிற்சி நடத்தி, தேவைப்பட்டால் இங்கிலாந்திலிருந்து விமானத்தில் படை வந்து இறங்கும் என்று காட்டினார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

1971 நவம்பர் 1 முதல் அதன் இடத்தில் ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர். மலேசியாவையோ சிங்கப்பூரையோ யாராவது தாக்கினால் ஐவரும் உடனே கலந்தாலோசிக்க வேண்டும். கலந்தாலோசிக்க, அவ்வளவுதான், காப்பாற்ற என்று எழுதவில்லை. ஆனாலும் அது ஐம்பது வருஷம் தாண்டி ஓடுகிறது. குறைவாக வாக்குக் கொடுத்ததால்தான் இவ்வளவு நாள் ஓடுகிறது என்பது என் கட்சி.

இன்றைய நேட்டோவோடு ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு. 1968-இல் பிரிட்டனிடம் பணம் இல்லை, அமெரிக்காவுக்கு இன்று அந்தப் பிரச்சினை இல்லை, கவனம்தான் வேறு பக்கம் திரும்புகிறது. ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாக எடுத்துக்கொள்வோம் என்கிற நேட்டோவின் ஐந்தாவது பிரிவு எழுத்தில் பலமானது, இதுவரை ஒரே தடவை, 2001-இல் அமெரிக்கா தாக்கப்பட்டபோதுதான் கையில் எடுத்தார்கள். ஆனால் கூட்டாளிகள் நடந்துகொள்ளும் விதத்தில் பழைய சாயல் நிறையத் தெரிகிறது. 2025 மார்ச்சில் ஜெர்மனி ராணுவச் செலவுக்காகத் தன் அரசியல் சட்டத்தின் கடன் வரம்பையே தளர்த்தியது. அதே வருஷம் ஜூனில் ஹேக் மாநாட்டில், 2035-க்குள் பாதுகாப்புக்கு மொத்த உற்பத்தியில் 5 சதவீதம் என்று ஒத்துக்கொண்டார்கள். வாக்குறுதி அப்படியே இருக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே, அது இல்லாத நாளுக்குச் சாமான் வாங்குகிறார்கள். சிங்கப்பூர் 1967-இல் செய்தது இதேதான்.

கடைசியாக, செம்பவாங் தளம் இப்போது யாரிடம்?

சிங்கப்பூருடையது. ஆனால் பிரிட்டன் போன இடம் காலியாக இருக்கவில்லை. 1990-இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டு, 1992 முதல் அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு ஒன்று செம்பவாங்கில் இயங்குகிறது. அப்புறம், இதைக் கேட்டால் சிரிப்பு வரும், பிரிட்டனும் முழுசாகப் போகவில்லை. ஐந்து நாட்டு ஏற்பாட்டின் பெயரில் ஒரு சின்னப் பிரிவு அங்கேயே இருந்து, வந்துபோகும் கப்பல்களுக்கு எண்ணெய்க் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறது.